கெத்தான சொற்கள்: கவர்ச்சி ஒலியிலா, ஆளிலா?

கேள்வி
பிரிக்பீல்ட்ஸ் வாசகக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் தமிழ் வாசகங்கள் எழுதும் வேலையில் இருக்கிறேன். வானொலிக்கும் சமூக ஊடகங்களுக்கும் போகும் 30 வினாடி விளம்பரங்கள்தாம் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். இளைஞர்களுக்கான கைத்தொலைபேசிச் சந்தா ஒன்றுக்கு, இதுவரை யாரும் சொல்லாத ஒரு புதுச்சொல்லை நாமே உருவாக்கி, அதை ஊர் வாயில் புழங்க விட்டுவிடலாம் என்று எங்கள் மேலாளர் ஆசைப்படுகிறார். ஒரு பிற்பகல் முழுவதும் கூடி அமர்ந்து வெள்ளைப் பலகை நிறையச் சொற்களை எழுதினோம். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடையேறியதைப் போல அத்தனையும் பல்லிளித்தன.

‘கெத்து’ என்ற சொல்லைக் கேட்டவுடனே மனத்தில் ஒரு நிமிர்வு தோன்றுகிறது. ‘மிடுக்கு’ என்பதும் ஏறத்தாழ அதே பொருளைத்தான் தருகிறது; அதிலும் வல்லினம் இரட்டிக்கிறது; அதுவும் உகரத்தில்தான் முடிகிறது. ஆனாலும் என் தம்பி வயதுப் பையன்களிடம் ‘மிடுக்கு’ என்று சொன்னால், திருமண வாழ்த்துமடல் வாசிக்கிறேன் என்று நினைப்பார்கள். ‘லந்து’, ‘லொள்ளு’, ‘ரவுசு’ ஆகியவற்றில் இருக்கும் துள்ளல் ‘குறும்பு’ என்பதில் இல்லை. மலாயிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘லெப்பாக்’, உணவைப் பொட்டலமாக வாங்கிப்போவதற்குக் கான்டனீஸிலிருந்து வந்த ‘தபாவ்’ ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ‘வெட்டியாக உட்கார்ந்திருக்கிறோம்’ என்றால் வீட்டில் திட்டு விழும்; ‘லெப்பாக் பண்ணுகிறோம்’ என்றால் அதுவே ஒரு வேலையைப் போல ஆகிவிடுகிறது.

இந்தக் கவர்ச்சி சொல்லின் ஒலியிலேயே இருக்கிறதா, அல்லது சொல்பவரிடம் இருக்கிறதா? ஒலியில் இருக்கிறதென்றால், அதைப் பிடித்துப் புதுச்சொல் ஒன்று செய்ய முடிய வேண்டும். ஆளில் இருக்கிறதென்றால், அதை என் மேலாளரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதாவது தெரிய வேண்டும்.

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் இலக்கணத்திலிருந்துதான் தொடங்குவேன். வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்குத் தெரியாது.

ஒரு தமிழ்ச்சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எந்த எழுத்தில் முடியலாம் என்பதற்குத் தொல்காப்பியர் காலத்திலேயே கட்டுப்பாடு உண்டு. ட, ர, ல ஆகிய மெய்கள் சொல்லின் முதலில் வாரா. அதனால்தான் பிறமொழிச் சொற்களைக் கூட இராமன், இலட்சம், இரயில் என்று முன்னால் ஓர் இகரத்தை வைத்து எழுதிப் பழகினோம். இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள்: லந்து, லொள்ளு, ரவுசு. இவற்றோடு லூட்டி, ரகளை, டக்கர், டூப்பு, டுபாக்கூர், டபாய்த்தல் ஆகியவற்றையும், நம் பிள்ளைகள் வாய் ஓயாமல் சொல்லும் ‘டேய்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் தமிழ் வீட்டு வாசலில் நுழையக்கூடாத எழுத்துகளைக் கொண்டே நுழைந்திருக்கின்றன. சோதித்துப் பார்க்க விரும்பினால், ‘இலொள்ளு’ என்று இலக்கணப்படி எழுதிவிட்டு உரக்கப் படியுங்கள். சொல் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடும்.

‘கெத்து’ என்பதில் மீறல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். ககரத்தில் தொடங்குவதால் எழுத்தில் அது நல்ல பிள்ளை. ஆனால் நாம் அதை ‘கண்’, ‘கல்’ என்பவற்றின் முதல் ககரத்தைப் போல ஒலிப்பதில்லை. ‘தங்கம்’ என்பதன் நடுவில் வரும் ககரத்தைப் போல ஒலிக்கிறோம். மெல்லின மெய்யை அடுத்து மட்டுமே வந்து பழகிய அந்தக் கனத்த ஒலி, சொல்லின் தலையிலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. ‘பேஜார்’ என்பதும் அப்படித்தான்; அதன் முதலெழுத்து ‘பம்பரம்’ என்பதன் இரண்டாம் பகரத்தைப் போல ஒலிக்கிறது. ஜாலி, ஜோர், ஜல்சா ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘மிடுக்கு’ தலை முதல் கால் வரை சட்டத்துக்கு உட்பட்ட சொல். அதனால்தான், அம்மா, அது வாழ்த்துமடலிலேயே தங்கிவிட்டது.

முடிவெழுத்துகளிலும் இதே கதைதான். வல்லின மெய்யோடு ஒரு தமிழ்ச்சொல் முடிவதில்லை. வாய் தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்து அதைச் சாய்த்துவிடும். எங்கள் வீட்டில் இதை நாள்தோறும் கேட்கிறேன். என் மனைவி பேரனை, ‘எங்கே போய் லெப்பாக்கு அடித்துவிட்டு வருகிறாய்?’ என்று கேட்பார். அவனோ கடைசிக் ககரத்தைத் தொண்டைக்குள்ளேயே அடைத்து, மலாய்க்காரர்கள் சொல்வதைப் போலவே வெட்டி நிறுத்துவான். உகரம் சேர்ந்த சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. உகரம் சேராத சொல் இன்னும் தெருவில் நிற்கிறது. அசத்தல் என்ற பொருளில் மலாயிலிருந்து வந்த ‘மந்தாப்’, ‘கெம்பாக்’, அவற்றோடு ‘மாஸ்’ எல்லாம் இவ்வாறு முகத்தில் கதவைச் சாத்துவதைப் போல முடிகின்றன. ‘தபாவ்’ இன்னும் சுவையானது. வகர மெய்யில் முடியும் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என்று நான்கே என்பது பழைய இலக்கணம். ஐந்தாவது சொல்லை நமக்குக் கொடுத்தவர்கள் கான்டனீஸ் பேசும் சமையற்காரர்கள்.

ஆகவே என் விடை இது: ஒரு சொல் தன் மொழியின் ஒலிச்சட்டத்தை மீறும்போது காது சட்டென்று நிமிர்கிறது. இலக்கணம் படிக்காதவனுடைய காதுக்கும் இலக்கணம் தெரியும்.

செந்தூல் பழைய ஆள் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை ரசித்துப் படித்தேன். இருந்தாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. லயம் (தோட்டத்து வரிசை வீடு), ரப்பர், லோரி, லைசென்ஸ், டிக்கெட், ரேஷன் ஆகிய அனைத்தும் ஐயா சொன்ன அதே தடை எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. இவற்றுள் எந்தச் சொல்லைக் கேட்டு எந்த இளைஞனுக்கு நிமிர்வு வந்தது?

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதுக்கு மேல் நகரத்துக்கு வந்தவன். கித்தா (ரப்பர்), கிராணி (எழுத்தர்), மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்பவை எங்கள் அன்றாடச் சொற்கள். சாலையைச் ‘சடக்கு’ என்றுதான் சொல்வோம். ஒலியை மட்டும் பார்த்தால் அதைவிடத் துள்ளலான சொல் கிடைக்குமா? ‘சடக்கென்று திரும்பினான்’ என்று எழுதும்போது அந்த ஒலியில் ஒரு வெட்டு இருப்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நகரத்துப் பள்ளியில் நான் ‘சடக்கு’ என்று சொன்ன அன்று வகுப்பே சிரித்தது. அவர்களுக்கு அது ‘ரோடு’. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, பாத்திரம் பண்டங்களைச் சுமந்து வந்தன; சொற்களை மட்டும் வழியில் போட்டுவிட்டு வந்தன. ஒலியில் குறை எதுவும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும் ஆள் வெயிலில் வாளி தூக்கிய ஆளாக இருந்தான் என்பதே காரணம்.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் பாருங்கள். ‘மச்சான்’ என்ற சொல் எந்த ஒலிச்சட்டத்தையும் மீறவில்லை. நமக்கு அது உறவுமுறை. ஆனால் அதையே ‘மச்சா’ என்று சுருக்கி மலாய், சீன இளைஞர்கள் ஒட்டுக்கடைகளில் எத்தனை உற்சாகமாகச் சொல்கிறார்கள்! அண்மையில் எங்கள் வட்டாரத்து ஒட்டுக்கடை ஒன்றில், சீனப் பையன்கள் நான்கைந்து பேர் கைத்தொலைபேசியில் பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டே ஒருவரையொருவர் ‘டேய்’ என்றும் ‘போடா’ என்றும் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த நம்மவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், தேநீர்க் குவளையைப் பாதியிலேயே வைத்துவிட்டு அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பேரன் அவர் முன்னால் அப்படிப் பேசியிருந்தால் நிலைமையே வேறு. பையன்களுக்கோ அது நல்ல கெத்தான சொல். தமிழில் அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்ற சுமை அவர்கள் தலையில் இல்லை.

‘கோஸ்தான்’ என்ற சொல்லையும் நினைத்துப் பாருங்கள். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்துமாறு ஆங்கிலேய மாலுமிகள் இட்ட ‘கோ ஆஸ்டர்ன்’ என்ற ஆணை, துறைமுகத்திலிருந்து கரையேறி, நம் லோரிக்காரர்களின் வாய்க்கு வந்து சேர்ந்தது. என் தந்தையார் லோரி ஓட்டியவர். பின்னால் நின்று கையசைக்கும் உதவியாளர் ‘கோஸ்தான், கோஸ்தான்’ என்று கத்துவார். அன்று அதில் எந்தப் பகட்டும் இல்லை, வியர்வைதான் இருந்தது. இப்போது என் மகள் தன் சிறிய காரைப் பேரங்காடியில் பின்னால் எடுக்கும்போது, தோழிகளிடம் வேண்டுமென்றே ‘கோஸ்தான்’ என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஒலி ஓர் இம்மியும் மாறவில்லை. மாறியது சொல்லும் ஆளும் ஓட்டும் வண்டியும்தான்.

ஒரு காலத்தில் கெத்து என்பதே சென்னைப் படங்களிலிருந்து கப்பலேறி வரும் சரக்காக இருந்தது. போயட்டிக் அம்மோ என்ற மலேசிய ராப் குழுவிலிருந்து வந்த யோகி பி போன்றவர்கள் 2000-களில் தமிழில் ராப் பாடி, அதைத் தமிழ்நாட்டு இளைஞர்களும் கேட்கத் தொடங்கிய பிறகே நம் கோலாலம்பூர்ப் பேச்சுக்கும் ஒரு மதிப்பு உண்டென்று நம் பிள்ளைகளுக்குத் தோன்றியது. அதற்கு முன் அதே பேச்சைத்தான் ‘தோட்டத்துத் தமிழ்’ என்று ஒதுக்கிக்கொண்டிருந்தோம்.

லெம்பா பந்தாய் மொழியியல் மாணவன் எழுதியது:

இரு பெரியவர்களுக்கும் வணக்கம். இந்த வழக்கு மொழியியலில் பழையது. இரு தரப்புக்கும் சான்றுகள் உண்டு என்பதால், தெரிந்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு ஏதேனும் உண்டா என்பதை 1929-இல் இருவர் தனித்தனியே ஆராய்ந்தார்கள். எட்வர்ட் சபீர் என்ற அமெரிக்க அறிஞர் ‘மல்’, ‘மில்’ என்ற பொருளற்ற இரு சொற்களைக் கொடுத்து, ஒன்று பெரிய மேசையையும் மற்றொன்று சிறிய மேசையையும் குறிப்பதாகக் கொண்டால் எது எது என்று கேட்டார். பெரும்பாலோர் ‘மல்’ என்பதே பெரியது என்றார்கள். வாயைத் திறந்து சொல்லும் அகரம் பெரியதாகவும், வாயை ஒடுக்கிச் சொல்லும் இகரம் சிறியதாகவும் தோன்றுகின்றன. வோல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கூர்மையான உருவம் ஒன்றையும் வளைந்த உருவம் ஒன்றையும் காட்டி, ‘தகேதே’, ‘பலூபா’ என்ற பெயர்களை எதற்கு எது பொருந்தும் என்று கேட்டார். வல்லோசை நிறைந்த பெயரைக் கூர்மைக்கே கொடுத்தார்கள். 2001-இல் நம் தமிழரான வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் ‘பூபா’, ‘கிகி’ என்ற சொற்களைக் கொண்டு இதை மீண்டும் செய்தபோது, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களோடு இந்தியாவில் தமிழ் பேசுபவர்களிடமும் கேட்டார்கள். அங்கும் விடை மாறவில்லை. ‘வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுமே’ என்று செய்யுளைப் பற்றிச் சொல்லி வைத்த மரபினருக்கு இது பெரிய வியப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் அளவையும் வடிவத்தையும் பற்றியவை. ‘கெத்து’ என்பதில் உள்ள வல்லோசை கூர்மையையோ கடுமையையோ உணர்த்தலாம். கடுமை எப்போது கவர்ச்சியாகிறது, எப்போது வெறும் முரட்டுத்தனமாகிறது என்பதை ஒலி தீர்மானிப்பதில்லை. அந்த இடத்தில்தான் செந்தூல் ஐயாவின் தரப்பு வலுப்பெறுகிறது. 1972-இல் பீட்டர் டிரட்கில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் நடத்திய ஆய்வை வெளியிட்டார். அந்நகரத்து ஆண்களில் பலர், தாங்கள் உண்மையில் பேசுவதைக் காட்டிலும் கொச்சையாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். பெண்களில் பலரோ உண்மையைக் காட்டிலும் திருத்தமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். மேலிடத்தில் மதிப்பில்லாத உழைப்பாளர் பேச்சுக்கு ஆண்களிடையே வெளியில் சொல்லப்படாத ஒரு மதிப்பு இருந்தது. இதை மறைமதிப்பு எனலாம். மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தியறிக்கையின் தமிழுக்கு வெளிப்படையான மதிப்பு உண்டு. கடை வரிசைக்கு முன்னால் அஞ்சடியில் நின்று பேசும் தமிழுக்கு இந்த இரண்டாவது வகை மதிப்பு உண்டு.

‘லெப்பாக்’ இதற்கு நல்ல சான்று. இளைஞர்கள் பேரங்காடிகளில் வெறுமனே கூடிக் கிடப்பது 1990-களில் அரசாங்கமே கவலைப்படும் விஷயமாகியது. ‘லெப்பாக் பண்பாடு’ என்று அதற்குப் பெயரும் வைத்து, 1994-இல் தொடங்கிய ரக்கான் மூடா திட்டத்தின் வழி இளைஞர்களை நல்ல பொழுதுபோக்குகளுக்குத் திருப்ப முயன்றார்கள். பெரியவர்கள் கண்டித்த சொல்லை இளையவர்கள் கைவிடுவார்களா? 2016-இல் அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. ‘அருமை’ என்ற பொருளில் வழங்கும் ‘ஷியோக்’ என்பதும் அதே ஆண்டில் உடன் ஏறியது.

இன்னொன்று என் சொந்தக் கவனிப்பு. நம் பேச்சில் ‘தபாவ் பண்ணு’, ‘லெப்பாக் பண்ணு’, ‘கோஸ்தான் எடு’ என்றே சொல்கிறோம். தமிழ் வினை பின்னால் நின்று காலத்தையும் இடத்தையும் சுமந்துகொள்கிறது. வந்த சொல் முகம் கசங்காமல் அப்படியே நிற்கிறது. மாறாக, ‘டபாய்’, ‘கலாய்’ ஆகியவை தமிழ் விகுதிகளை ஏற்றுக் ‘கலாய்த்திருக்கமாட்டார்கள்’ என்பது வரை நீண்டு, வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. ‘கலாய்க்கிறார்கள்’ என்று இப்போது நாளிதழிலும் எழுதுகிறார்கள். அதில் பழைய கெத்து இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகக்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன ‘இலொள்ளு’ சோதனையை அலுவலகத்தில் செய்து காட்டினேன், மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, ‘சரி, புதுச்சொல் வேண்டாம். ஏற்கெனவே ஊரில் உள்ள மந்தாப், மாஸ் போன்றவற்றையே போட்டுவிடுவோம்’ என்கிறார். இது சரிப்படுமா?

ஆயர் ஈத்தாம் இளையவள் எழுதியது:

வேண்டாம் அக்கா. நான் இன்னும் கல்லூரி மாணவி என்பதால், உங்கள் விளம்பரம் யாரைக் குறிவைக்கிறதோ அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். ஒரு வங்கியோ தொலைபேசி நிறுவனமோ எங்கள் சொல்லைப் பதாகையில் அச்சிட்டால், அன்றோடு நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூசுவோம். என் பெரியம்மா குடும்பக் குழுவில் ‘செம்ம மாஸ்’ என்று எழுதத் தொடங்கியதிலிருந்து எங்களில் யாரும் அதை எழுதுவதில்லை. பெரியம்மாவின் மேல் எங்களுக்குப் பாசம் உண்டு, சொல்தான் போய்விட்டது.

மேலும், எல்லா ஊருக்கும் ஒரே சொல் செல்லாது. பினாங்குச் சீனர்கள் ஹொக்கியன் பேசுபவர்கள். கோலாலம்பூரில் கான்டனீஸ் செல்வாக்கு அதிகம். இங்கே பினாங்கில் நாசி கண்டார் கடையில் பொட்டலம் கேட்கும்போது ‘புங்குஸ்’ என்ற மலாய்ச் சொல்லே எங்களுக்கு இயல்பாக வரும். கோலாலம்பூர் உறவினர்கள் வந்து ‘தபாவ்’ என்று சொல்லும்போது, எங்கள் காதில் அது தலைநகரத்துப் பேச்சாகவே விழுகிறது. அவர்களுக்கு அது வெறும் பொட்டலம்.

இன்னொரு செய்தியைச் சொன்னால் ஆசிரியர் ஐயாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். எங்கள் நண்பர் குழுவில் இப்போது கெத்தாகக் கருதப்படுவது செந்தமிழ். யாராவது குறித்த நேரத்துக்கு வராவிட்டால், ‘பெருந்தகையே, தங்கள் வருகையை எதிர்நோக்கி வாடி நிற்கிறோம்’ என்று எழுதுவோம். கடன் வாங்கியவன் திருப்பித் தராவிட்டால், ‘புரவலரே’ என்று விளிப்போம். அக்கா ‘மிடுக்கு’ என்ற சொல்லை இரங்கத்தக்கதாக எழுதியிருந்தீர்கள். சென்ற வாரம்தான் என் தோழி ஒருத்தியின் புதுக் காலணியைப் பார்த்து, ‘என்ன ஒரு மிடுக்கு!’ என்று நாங்கள் எல்லாரும் உண்மையான வியப்போடு சொன்னோம். அதில் எந்த எழுத்துச் சட்டமும் மீறப்படவில்லை.

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர் எழுதியது:

மகிழ்ச்சிதான் மகளே, ‘புரவலரே’ என்பதற்காகவே உனக்கு முழு மதிப்பெண்.

நீ சொன்னது என் வாதத்தை இன்னும் ஓரடி முன்னால் கொண்டு போகிறது. எழுத்து முறையை மீறுவது ஒரு வகை என்றால், இடத்தை மீறுவது இன்னொரு வகை. பட்டிமன்ற மேடையில் ‘பெருந்தகையே’ என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. நாசி கண்டார் கடை வரிசையில் நின்று சொன்னால்தான் அதற்கு விளைச்சல். செந்தூல் நண்பர் காட்டிய ‘மச்சா’வும் இதுதான்: மலாய்ப் பேச்சின் நடுவே நிற்கும்போதுதான் அது மின்னுகிறது. ‘லயம்’, ‘ரப்பர்’ ஆகியவை தடை எழுத்தில் தொடங்கினாலும், எந்த இடத்தில் எதிர்பார்க்கப்பட்டனவோ அந்த இடத்திலேயே ஒலித்தன. ஆனால் ‘சடக்கு’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. அது இடம் மாறி நகரத்து வகுப்பறைக்கு வந்தும் கெத்தாகவில்லை, கேலிக்குத்தான் ஆளாகியது. இடம் மாற்றுவது யார், விரும்பி மாற்றுகிறாரா அல்லது பிழைப்புக்காக மாறி வந்தாரா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிகிறது. அந்த அளவில் வழக்கு செந்தூல் பக்கமே சாய்கிறது.

விளம்பரக் கேள்விக்கு நன்னூலில் விடை இருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல்லைக் குழூஉக்குறி என்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். குடித்தவன் உள்ளதை உளறிவிடுவான் என்பதால் சொல்விளம்பி. இதைவிடக் குறும்பான பெயரை எந்தக் கல்லூரி விடுதியிலும் இன்று நான் கேட்டதில்லை. பொற்கொல்லர் தமக்குள் ‘பறி’ என்பது, எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்கு விளங்கக்கூடாது என்பதற்காக. விளம்பரமோ, எதிரில் நிற்கும் அத்தனை வாடிக்கையாளருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகக் காசு கொடுத்துச் செய்யப்படுவது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது என்று உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

செந்தூல் பழைய ஆள் எழுதியது:

ஒரே ஒரு யோசனை. நிறுவனத்தின் குரலில் அந்தச் சொல் வரவே கூடாது. விளம்பரத்துக்குள் வரும் ஒரு பாத்திரம் சொல்லட்டும். அதைக் கேட்டு இன்னொரு பாத்திரம் முகம் சுளிக்கட்டும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் நடந்தால் இன்னும் நல்லது. அப்போது சொல்லின் பழி நிறுவனத்தின் தலையில் விழாது. பாட்டியைக் கேலிக்குரியவராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். சந்தாவுக்குப் பணம் கட்டுபவர் பெரும்பாலும் அவருடைய மகன்தான்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகக்காரி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பேரன் தோட்டத்தில் இருக்கும் பாட்டிக்குக் காணொளி அழைப்பு விடுக்கிறான். ‘பெருமாட்டியே’ என்று விளையாட்டாகத் தொடங்குகிறான். பாட்டி சடக்கில் நின்றுகொண்டு பேசுவதாகப் பதில் சொல்கிறார். அலைவரிசை அங்கேயும் எட்டுகிறது என்பது செய்தி. ஆயர் ஈத்தாம் தங்கையின் பெருந்தகையும் செந்தூல் ஐயாவின் சடக்கும் ஒரே விளம்பரத்தில் வந்துவிட்டன. மேலாளர் ஒப்புக்கொண்டார்; வாடிக்கையாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதே விளம்பரத்தின் மலாய் வடிவத்தை எழுதும் சக ஊழியர், கடைசி வரியில் ‘மச்சா’ என்று போட்டிருக்கிறார். அதை விடச் சொல்வதா, எடுக்கச் சொல்வதா என்பதை நாளை தனிக் கேள்வியாக இங்கே பதிகிறேன்.